அடைக்கலமாதா தெருவுக்கு வழி

விழுப்புரம்
5.3.2017

அன்புள்ள சம்பந்தியம்மா ஞானமேரி அவர்களுக்கு,

பெரியநாயகம் எழுதுகிறேன். ஜெனித்தின் அப்பா. என் கையெழுத்தைப் பார்த்து ரயில்வேயிலிருந்து ஏதோ நோட்டீஸ் வந்திருக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். லோகோ ஷெட்டில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த காது இது. போனில் நான் "என்னாது? என்னாது?" என்று கத்த, எங்கள் தெருக்காரர்கள்தான் ஜன்னல் வழியாகப் பதில் சொல்கிறார்கள். உங்களிடம் இருப்பதோ பட்டன் போன். அதனால் கல்யாணப் பேச்சை நமக்குள் கடிதத்தில் வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் ஒரே ஆபீசில் உட்கார்ந்து சுலபமாகக் காதலித்து முடித்துவிட்டார்கள். அலைச்சல் நம் தலையில்.

திண்டிவனத்தில் பூ வைத்த அன்று பேசியபடி, மே 24 புதன்கிழமை உங்கள் நெடுங்கழனி கோயிலில் திருமணப் பூசை. அழைப்பிதழ் என் பொறுப்பு. அதன் பின்பக்கம் போடும் வழிப்படத்தை நானே செய்யப்போகிறேன். அச்சகத்தில் போட்டுத் தரும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடு, ஒரு அம்புக்குறி, ஒரு பெட்ரோல் பங்க். அதை நம்பிப் போய், பந்தி முடிந்த பிறகு மண்டபத்தைக் கண்டுபிடித்தவன் நான்.

ஜெனித் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைபடம் செய்யும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். திறந்தால் வெள்ளைப் பக்கம். புள்ளி வைக்கலாம், கோடு போடலாம். ஆனால் வெள்ளையில் வைத்த புள்ளி திண்டிவனமா திருநெல்வேலியா என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் பின்னணி வரைபடம் என்று ஒன்றைச் சேர்க்க வேண்டுமாம். இன்டர்நெட்டிலிருந்து சாலை, ஏரி, ஊர்ப் பெயர் எல்லாம் அதுவாக வந்துவிடும்.

நேற்று முதல் முயற்சி. ஜெனித் அனுப்பிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டையும் முன்பின்னாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பின்னணியைச் சேர்த்துப் பார்த்தால், நெடுங்கழனி வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனித்தீவில் இருக்கிறது. மே மாத வெயிலுக்கு நல்ல இடம்தான், டவுன் பஸ் மட்டும் கிடையாது. எண்களைத் திருத்தி ஊரைப் பத்திரமாக இறக்கிவிட்டேன். கூட்ரோட்டிலிருந்து கோயிலுக்கு வரும் அடையாளங்களை எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெரியநாயகம்


திண்டிவனம்
11.3.2017

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டு முகவரிக்கு வந்து, ஊருக்குள் மூன்று பேர் கை மாறி, கடைசியில் இங்கே திண்டிவனத்தில் என் தையல் கடைக்கு வந்து சேர்ந்தது. இனிமேல் கடைக்கே எழுதுங்கள். பனித்தீவு சமாச்சாரத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் கொத்தனார் இல்லையா, அங்கே சிமென்ட் எப்படிக் காயும் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

அடையாளம் கேட்டிருக்கிறீர்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ரோடு. பிரம்மதேசம் தாண்டினால் நெடுங்கழனி கூட்ரோடு. அங்கே திரும்பினால் தண்ணீர் டேங்க், மல்லாட்டை, கம்பு காயப்போடும் களம், பிறகு கோயில். தார் ரோடு கோயிலோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் ரேஷன் கடையை ஒட்டி ஒரு சிமென்ட் ரோடு கிளம்பி வாய்க்காலைத் தாண்டிப் போகும். அதுதான் எங்கள் அடைக்கலமாதா தெரு. நீல கேட் போட்டது எங்கள் வீடு.

நீங்கள் கோயில் வரைக்கும்தான் கேட்டீர்கள். நான் மேலே எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. என் மூத்த மகள் எலிசாவுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில்தான் கல்யாணம். அந்த அழைப்பிதழிலும் வழிப்படம் இருந்தது. படம் கோயிலோடு நின்றது, வந்தவர்களும் கோயிலோடு நின்றார்கள். பந்தலில் சாப்பிட்டார்கள், பஸ் ஏறினார்கள். நான் வீட்டு வாசலில் கோலம் போட்டு, ஒரு அண்டா நிறைய ரோஸ்மில்க் கலந்து வைத்துக் காத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர்கூடத் தெருவுக்குள் வரவில்லை. பிறகு விசாரித்தால், "மேப்புல இல்லியே, வழி தெரில" என்றார்கள். ரேஷன் கடை தெரிந்தவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் தெரு தெரியாதா? எங்கள் தெருப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். அந்த ஞாபகம் சிலருக்கு இன்னும் காலில் இருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜெசிந்தா கல்யாணத்துக்கு உங்கள் படம் என் வாசல் வரைக்கும் வர வேண்டும். வேறு சீர், மரியாதை எதுவும் எனக்கு வேண்டாம்.

ஞானமேரி


விழுப்புரம்
18.3.2017

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜெனித் அம்மாவும் படித்தாள். படித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் படம் சரியாக வராவிட்டால் எனக்குச் சோறு கிடையாது என்று புரிந்தது.

ஒரு சங்கடம். பின்னணி வரைபடத்தைச் சேர்த்து நெடுங்கழனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் டாங்கிளில் நெட் நத்தையாக ஊர்கிறது. படம் சதுரம் சதுரமாக வருகிறது, முதலில் பிரம்மதேசம், அப்புறம் ஏரி, அப்புறம் கூட்ரோடு. கோயில் இருக்கிறது, ரேஷன் கடை வரை இருக்கிறது. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. உங்கள் தெரு அதில் இல்லை.

சரி என்று ஜெனித் சொல்லிக் கொடுத்த இன்னொரு பின்னணியைச் சேர்த்தேன். அது மேலேயிருந்து போட்டோ எடுத்த மாதிரி இருப்பது. அதில் உங்கள் தெரு முழுக்க இருக்கிறது, ஓட்டு வீடு, மாடி வீடு, காயப்போட்ட துணிகூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஆக, தெரு இருக்கிறது, வரைந்தவர் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். போட்டோவை அழைப்பிதழில் போட்டால் ஒரே மரமும் கூரையுமாக இருக்கும், நம் சனங்களுக்கு ஒன்றும் விளங்காது. கோட்டுப் படம்தான் வேண்டும். அதில் தெருவை நாமே வரைந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன்.

பெரியநாயகம்


திண்டிவனம்
27.3.2017

சம்பந்தி அவர்களுக்கு,

எங்கள் தெருவில் வியாழக்கிழமை ஒரு கலவரம். நான் கடையில் இருந்தேன், அவர் வேலைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டு அஞ்சம்மாள் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளச் சட்ட, பாக்கெட்ல ரெண்டு பேனா. போனைப் பாத்துக்கினே நடக்கிறாரு. ஒவ்வொரு வூட்டாண்டயும் நின்னு நின்னு போறாரு. கரண்ட் ஆபீசாங்கன்னேன், ஆமாம்ன்னாரு. டவர் கம்பெனியாங்கன்னேன், அதுக்கும் ஆமாம்ன்னாரு. மனுசனுக்குக் காது அவுட்டு போல இருக்குதுன்னு, உக்கார வச்சுக் கூழு ஊத்திக் குடுத்தேன்."

அந்த மனிதர் கேப்பைக் கூழை இரண்டு சொம்பு குடித்துவிட்டு, தெரு முனை வரை போய், திரும்பி நடந்தே கூட்ரோட்டுக்குப் போனாராம். தெருவில் இப்போது இரண்டு கட்சி. டவர் வரப்போகிறது என்று ஒரு கட்சி, ஏதோ கணக்கெடுப்பு என்று இன்னொரு கட்சி.

விழுப்புரத்தில் பாக்கெட்டில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு காது கேட்காதவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தானே அது? பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையை மூடிவிட்டு வந்திருப்பேன். சம்பந்தி முதல் முறை வந்து எதிர்வீட்டில் கூழ் குடித்துவிட்டுப் போனார் என்று அஞ்சம்மாள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். எனக்கு அதில் கோபம்தான். ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஞானமேரி


விழுப்புரம்
5.4.2017

சம்பந்தியம்மா,

அகப்பட்டுக்கொண்டேன். நான்தான். சொல்லிவிட்டு வந்திருந்தால் பிரியாணி, உபசாரம் என்று என்னை உட்கார வைத்திருப்பீர்கள், தெருவை நடந்து பார்க்க விட்டிருக்க மாட்டீர்கள். நடந்த இடமெல்லாம் போனில் புள்ளியாகப் பதிவாகும். அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கோடு இழுத்தால் அதுதான் தெரு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். உங்கள் கேட்டுக்கு நீலப் புள்ளி.

கூழுக்கு அஞ்சம்மாளிடம் நன்றி சொல்லுங்கள். டவர் விஷயத்தை நீங்களே எப்படியாவது சமாளியுங்கள்.

அச்சகத்தில் பெரிய வியாழனுக்கு முன்னால் முடித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் ஈஸ்டர் தாண்டிவிடும் என்று ஜல்தி பண்ணினார்கள். டாங்கிளில் நெட் தீர்ந்திருந்ததால் பின்னணி இல்லாமலே வழி, கோயில், உங்கள் தெரு எல்லாவற்றையும் வரைந்து முடித்தேன். கடைசியில் ரீசார்ஜ் செய்து, பின்னணியைச் சேர்த்து, பென்டிரைவோடு ஓடினேன். சம்பந்தியம்மா, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அப்படி வந்திருக்கிறது. ஏரியெல்லாம் நீலம், கழனியெல்லாம் பச்சை, விழுப்புரத்திலிருந்து சிவப்பாக ஒரே வழி. பார்த்த எல்லாரும் யார் செய்தது என்று கேட்கிறார்கள். நானூறு அழைப்பிதழும் அடித்தாயிற்று. முதல் பிரதி உங்களுக்குத்தான். இத்துடன் இருக்கிறது.

பெரியநாயகம்


நெடுங்கழனி
9.4.2017, குருத்து ஞாயிறு

பெரியநாயகம் ஐயா அவர்களுக்கு,

நேற்று மாலை கடையில் அழைப்பிதழ் கிடைத்தது. நான் பிரிக்கவில்லை. பூசை முடிந்து, குருத்தோலையோடு வீட்டுக்கு வந்து, அவரையும் அஞ்சம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்று பிரித்தேன்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. கோயிலோடு நிற்கிறது. ரேஷன் கடைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எலிசாவின் அழைப்பிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் கறுப்பு வெள்ளை, இதில் கலர், வேறு வித்தியாசம் இல்லை.

பார்க்காதவர்கள் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் வந்து நடந்து, வாசல் வாசலாக நின்று, எங்கள் கூழைக் குடித்த பிறகு விட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது வேண்டாம் என்று சொன்னார்களா, நீங்களே யோசித்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

பிள்ளைகள் ஆசைப்பட்டுவிட்டார்கள், கல்யாணத்தை நிறுத்துகிறவள் நான் இல்லை. ஆனால் பூசையை விழுப்புரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நாலு பேர் பஸ் பிடித்து வந்துவிடுகிறோம். எங்கள் ஊருக்கு யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம். அழைப்பிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஞானமேரி


விழுப்புரம்
12.4.2017

சம்பந்தியம்மா,

என் காதுக்கு எதுவும் கேட்பதில்லை. உங்கள் கடிதம் கேட்டது.

அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது உண்மை. தெரு இல்லை. நான் அந்தச் சிவப்பு வழியையும் ஏரியையும் பார்த்து மயங்கிக் கிடந்திருக்கிறேன், முக்கியமான இடத்தைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தெருவை நான் அழித்துவிட்டேனோ என்று தேடினேன். பட்டியலில் "அடைக்கலமாதா தெரு" என்று பெயர் இருக்கிறது, படத்தில் தெரு இல்லை. கம்ப்யூட்டரைத் திட்டினேன், டாங்கிளைத் திட்டினேன். ஜெனித் அம்மா என்னைத் திட்டினாள். கடைசியில் பெங்களூருக்கு அந்தப் பைலை அனுப்பினேன், ஜெனித் அரைமணி நேரத்தில் பதில் எழுதினான். அப்பா, தெரு அங்கேயேதான் இருக்கிறது, மேலே மூடிவிட்டீர்கள் என்று.

விஷயம் இதுதான். இந்த மென்பொருளில் ஒவ்வொன்றும் ஒரு லேயர், அதாவது ஒரு அடுக்கு. இடது பக்கம் பட்டியல் இருக்கும். பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே இருக்கும், கீழே இருப்பதை மறைக்கும். என் பட்டியலில் சிவப்பு வழி மேலே, உங்கள் தெரு அடியில். நான் தெருவின் பெயர் மேல் மவுஸை வைத்துத் தட்டிவிட்டு, பின்னணியைச் சேர்த்திருக்கிறேன். எதைத் தட்டுகிறோமோ அதற்கு மேலே போய்ப் புதியது உட்காருமாம். அது நேராகத் தெருவின் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தப் பின்னணியில்தான் உங்கள் தெருவே கிடையாதே, வெறும் வெள்ளையாகத் தெரிந்தது.

பின்னணி என்றால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டும். பெயரிலேயே இருக்கிறது. எனக்கு உறைக்கவில்லை.

சம்பந்தியம்மா, வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. அவசரத்தில் செய்த மடத்தனம், வேறொன்றும் இல்லை. பைலை ஜெசிந்தாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டருக்கு வரும்போது அவளையே திறந்து காட்டச் சொல்லுங்கள். நானூறையும் கிழித்துப்போட்டு மறுபடி அடிக்கிறேன். பூசை நெடுங்கழனியில்தான். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதும் வரை எனக்கு இந்த வீட்டில் காபிகூடக் கிடையாது.

பெரியநாயகம்


நெடுங்கழனி
16.4.2017, உயிர்ப்பு ஞாயிறு

சம்பந்தி,

முதலில் காபி குடியுங்கள்.

ஜெசிந்தா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. லைனிங் துணியை வெளிப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறீர்கள். புதிதாகத் தையல் பழக வருகிற பெண்கள் எல்லாரும் முதல் மாசம் இதைத்தான் செய்வார்கள். பட்டு உள்ளே போய்விடும், வெளியே வெறும் லைனிங் தெரியும். பிரித்துத் தைக்கச் சொல்லுவேன், அழுவார்கள்.

மவுஸை நானே பிடித்தேன். பின்னணி என்று எழுதியிருந்ததைப் பிடித்துக் கீழே இழுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் விட்டேன். ரேஷன் கடைக்குப் பின்னாலிருந்து எங்கள் தெரு வந்தது. வாய்க்கால் பாலம் வந்தது, வாசல் வாசலாகப் புள்ளி வந்தது. நீலப் புள்ளியும் வந்தது. அஞ்சம்மாள் வீட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில் "கூழ்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். மறுபடி மேலே இழுத்து மூடினேன், மறுபடி கீழே விட்டேன். இப்படியே விளையாடிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

கோபத்தில் ரொம்ப எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நானூறு அழைப்பிதழைக் கிழிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதா படம் போட்ட அழைப்பிதழைக் கிழிப்பார்களா? எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு புதன்கிழமை இங்கே வாருங்கள். வரும்போது சிவப்பு, நீலப் பேனா ஒரு பெட்டி வாங்கி வாருங்கள். இந்த முறை நேராக நீல கேட்டுக்கு வர வேண்டும்.

ஞானமேரி


விழுப்புரம்
21.4.2017

சம்பந்தியம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இரண்டு நாளாக ஜெனித் அம்மா உங்கள் வீட்டு மீன் குழம்பைப் பற்றித்தான் பேசுகிறாள், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்திப் பேசுகிறாள்.

தெருவே உங்கள் வாசலில் உட்கார்ந்து நானூறு அழைப்பிதழிலும் தெருவைக் கையால் வரைந்ததை நான் மறக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் இழுத்த கோடு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் வரைந்தது பாம்பு மாதிரி இருக்கிறது. இரண்டும் உங்கள் வாசலுக்கு வந்து சேருகிறது.

ஒரே குறை. அன்று எல்லாரும் அடிக்கடி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் கூடவே சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள்.

பெரியநாயகம்


திண்டிவனம்
25.4.2017

சம்பந்தி,

முதலில் சிரித்தது உங்களைப் பார்த்துத்தான். சவுரிராயன், அதாவது என் வீட்டுக்காரர், "சம்பந்திக்குக் காது கேக்காதது வசதிதான், மாப்ள வூட்டப் பத்தி அவுங்க எதிர்லயே பேசலாம்" என்றார். நீங்கள் பலமாகத் தலையாட்டினீர்கள்.

இரண்டாவது, பிள்ளைகளில் ஒருத்தி ஓர் அழைப்பிதழில் தெருவோடு சேர்த்து அவர்கள் வீட்டு ஆட்டையும் வரைந்துவிட்டாள். அது எந்தக் கட்டுக்குள் போனது என்று தேடினோம், கிடைக்கவில்லை. உங்கள் சொந்தக்காரர் யாருக்கோ ஆடு போட்ட அழைப்பிதழ் போயிருக்கும்.

மூன்றாவது சிரிக்கிற விஷயம் இல்லை. அஞ்சம்மாள் ஒன்றை வரைந்து முடித்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இத்தினி வருசத்துல நம்ம வூடு ஒரு படத்துலயும் வந்ததில்ல. இன்னிக்கு நானே போட்டுக்கினேன்" என்றாள். எல்லாரும் பேனாவை வைத்துவிட்டு அதை எட்டிப் பார்த்தோம். அப்போதுதான் நீங்கள் எல்லாரும் சிரிக்கிறோம் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தீர்கள். அதைப் பார்த்து மறுபடி எல்லாரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள். ஜெனித் அம்மாவின் அளவு ஜாக்கெட்டை அனுப்பி வையுங்கள். லைனிங்கைச் சரியான பக்கம் வைத்துத் தைத்துத் தருகிறேன்.

ஞானமேரி


விழுப்புரம்
4.6.2017

சம்பந்தியம்மா,

கல்யாணக் களைப்பு இன்னும் போகவில்லை, சந்தோஷமும் போகவில்லை. நீங்கள் பூசை முடிந்ததும் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டதால் கோயில் வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் கேட்கவில்லை, ஜெனித் அம்மா பிறகு கத்திச் சொன்னாள்.

வளவனூரிலிருந்து வந்தாரே என் அண்ணன் பெரியதம்பி, அவர் வம்பு பிடித்த மனிதர். பூசை முடிந்ததும் அவருடைய மைத்துனர், கோயிலோடு போதும், வெயில் கொளுத்துகிறது, பஸ் ஏறலாம் என்றிருக்கிறார். அண்ணன் அழைப்பிதழை எடுத்துப் பிரித்து, "வூடு வரிக்கும் படம் போட்டு வச்சிருக்கிறாங்க, போவாம எப்டி? ஆடு வேற போட்டிருக்குது, அது என்னான்னு பாக்கணும்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் நடந்தால் எங்கள் சனம் முழுக்க நடக்கும். பேண்டு வாத்தியத்தோடு மொத்தக் கூட்டமும் ரேஷன் கடையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி உள்ளே போனது. ஆட்டைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

உங்கள் வாசலில் நீங்கள் அண்டாவைத் திறந்து டம்ளர் டம்ளராக ரோஸ்மில்க் கொடுத்ததை நான் வாய்க்கால் பாலத்தில் நின்று பார்த்தேன். அண்டாவைச் சாய்த்துக் கடைசி டம்ளரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தீர்கள். அதைப் பார்க்க எனக்குக் காது தேவைப்படவில்லை.

இன்னொன்று. ஜெனித் போவதற்கு முன் எனக்குப் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். அது என்னவென்று எழுத மாட்டேன். கொஞ்ச நாள் போகட்டும். பிள்ளைகள் ஆகஸ்டில் வரும்போது ஜெசிந்தாவின் லேப்டாப்பை வாங்கி நீங்களே இதைச் செய்யுங்கள். மென்பொருளைத் திறந்து புதுப் பக்கம் எடுங்கள். என் பைல் எதையும் திறக்க வேண்டாம், கோடு, புள்ளி எதுவும் வைக்க வேண்டாம். இடது பக்கம் லேயர் பட்டியலுக்கு மேலே இன்னொரு பட்டியல் இருக்கும், அதில் பின்னணி வரைபடத்தின் பெயரை இரண்டு முறை தட்டுங்கள். உலகப் படம் வரும். அதைப் பெரிதாக்கிக்கொண்டே உங்கள் ஊருக்குப் போங்கள். நெட் மெதுவாக இருந்தால் பொறுமையாக இருங்கள்.

பெரியநாயகம்


நெடுங்கழனி
15.8.2017

சம்பந்தி,

இன்று மாதா திருநாள், பள்ளிக்கூடத்தில் கொடியேற்றமும். பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன். ஜெசிந்தாவையும் மாப்பிள்ளையையும் தொடவிடவில்லை.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். வெள்ளைப் பக்கம். பெயரை இரண்டு முறை தட்டினேன், உலகம் வந்தது. முதலில் உங்கள் பனித்தீவைப் பார்த்துவிட்டு வந்தேன், மேலே ஓரமாக இருக்கிறது. பிறகு இந்தியா, பிறகு விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம் ரோடு. கூட்ரோடு வந்தது, கோயில் வந்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சதுரம் மட்டும் வரவில்லை. நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே ஒன்றும் இருக்காது என்று எனக்குத்தான் தெரியுமே, இந்த மனிதர் எதற்கு இதைப் பார்க்கச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

சதுரம் வந்தது. ரேஷன் கடையிலிருந்து ஒரு ரோடு கிளம்பி வாய்க்காலைத் தாண்டிக் கடைசி வரைக்கும் போனது. அதன்மேல் எழுத்தெழுத்தாக அடைக்கலமாதா தெரு என்று இருந்தது. நான் லேயர் பட்டியலைப் பார்த்தேன். பின்னணி மட்டும்தான் இருக்கிறது, வேறு லேயர் கிடையாது. மேலே எதுவும் இல்லை, அடியிலும் எதுவும் இல்லை.

மாப்பிள்ளைதான் விளக்கினார். அந்தப் பின்னணி எல்லாரும் சேர்ந்து வரைகிற பொது வரைபடமாம், விடுபட்ட தெருவை யாரும் சேர்க்கலாமாம். அப்பா ஜூன் மாசம் முழுக்க இதே வேலையாக இருந்தார் என்றார். இனிமேல் சென்னையிலோ சிங்கப்பூரிலோ யார் இந்தப் பின்னணியைப் போட்டாலும் எங்கள் தெரு அதோடு சேர்ந்தே வருமாம். நான் அழுதேன், சம்பந்தி. பிள்ளைகள் எதிரிலேயே அழுதேன்.

அஞ்சம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்ப இதுல நாம ஒண்ணும் வரையலியா?" என்று கேட்டாள்.

"வரையலக்கா."

"வரையாமயே இருக்குதா?"

"இருக்குதுக்கா."

அவள் விரலால் தன் வீட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்த மனிதரைக் கூழ் குடிக்க வரச் சொல், போனைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை, நேராக வரட்டும் என்றாள்.

இனிமேல் கடிதத்தைக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஞானமேரி,
நீல கேட் வீடு,
அடைக்கலமாதா தெரு,
நெடுங்கழனி.